குழம்பு மீனுக்கு மூணணா

காசிமேட்டில் வந்து பூவம்மா வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். அங்கே பூவம்மாக்கள் ஏழெட்டுப் பேர். பெரம்பூர் பூவம்மா என்று கேட்க வேண்டும். கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டுத் தலையில் ஏற்றினாள் என்றால், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி, வியாசர்பாடியைக் கடந்து, பெரம்பூர் ரயில்வே குடியிருப்புக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் கூடை கீழே இறங்காது. வழியில் யாராவது விலை கேட்டால் நின்று பதில் சொல்வாள், அவ்வளவுதான். நடுவழியில் இறக்கினால் திரும்ப ஏற்றிவிட ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும். அது அவளுக்குப் பிடிக்காது. திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் உண்டு. திமிர்தான், இல்லையென்று யார் சொன்னது? அந்தத் திமிர் எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் பேசக்கூடாது.

1935ஆம் வருஷம் ஐப்பசியில் அவள் புருஷன் கோதண்டம் கட்டுமரத்தோடு போனவன் திரும்பி வரவில்லை. பையன் நீலமேகத்துக்கு அப்போது எட்டு வயசு. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போக ஆம்பிளை இல்லாத வீட்டுப் பெண், கட்டுமரங்கள் கரையேறும் நேரத்தில் ஒரு சட்டியோடு வந்து நிற்பாள். ஒவ்வொரு மரத்துக்காரனும் ஒரு கை மீன் அள்ளி அதில் போடுவான். வாய் திறந்து கேட்க வேண்டாம், நின்றால் போதும். நல்ல வழக்கம்தான், எத்தனையோ பிள்ளைகள் அந்த மீனைத் தின்று வளர்ந்திருக்கிறார்கள். பூவம்மாவும் ஒரு அலுமினியச் சட்டியோடு இரண்டு மாசம் நின்றாள். ஒரு நாள், வலையில் ஒன்றும் சரியாக விழாத எரிச்சலில் இருந்த ஒருவன், மீனைப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டான்.

"இன்னும் எத்தினி நாளிக்கு இப்டி வந்து நின்னுகினு இருப்ப?"

அவன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியவில்லையோ என்னவோ. ஆனால் பூவம்மா சட்டியில் இருந்ததையெல்லாம், மற்றவர்கள் போட்டதையும் சேர்த்து, அவன் மீன் குவியலின் மேலேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் மூக்குத்தி அடகுக் கடைக்குப் போனது, ஒரு மூங்கில் கூடை வீட்டுக்கு வந்தது. இனிமேல் என் அடுப்பில் கொதிக்கிற குழம்பில் இன்னொருத்தர் கையால் போட்ட மீன் விழாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாமி சன்னதியில் கற்பூரம் ஏற்றிச் செய்த சத்தியமெல்லாம் இல்லை. ஆனால் அதை அவள் மீறவில்லை.

அந்தக் கூடையால்தான் எல்லாம் நடந்தது. மகன் வளர்ந்தான், சொந்தமாக மரம் கட்டினான், கல்யாணம் ஆகிப் பக்கத்துத் தெருவுக்குத் தனிக்குடித்தனம் போனான். கூரை வீடு ஓட்டு வீடானது. பக்கத்தில் ஒரு அறை எடுத்துக் கட்டி, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவனுக்கு மாசம் ஆறு ரூபாய்க்கு வாடகைக்கு விட்டாள். ராயபுரம் தபாலாபீசில் அவள் பெயருக்கு ஒரு பாஸ் புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்து மீன்காரிகளில் பாஸ் புத்தகம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். ஆனாலும் அதை மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

1951 தை மாசத்தில் ஒரு நாள். பெரம்பூரில் ரயில்பெட்டிப் பட்டறையின் டைம் ஆபீஸ் குமாஸ்தா கஸ்பார், அவளுடைய பழைய வாடிக்கை. கத்தோலிக்கக் கிறிஸ்தவர், கறி தொடக்கூடாத வெள்ளிக்கிழமையானால் அவர் வீட்டில் மீன் இல்லாமல் முடியாது. அன்றைக்குப் போனபோது மனுஷன் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் பலகை வைத்து, நீளத் தாளில் எண்களாக எழுதிக்கொண்டிருந்தார். பூவம்மா கூடையைத் தானே படியில் இறக்கினாள்.

"இன்னா சார், ஆபீசு கணக்க வூட்டுக்கே இட்டாந்துட்டியா?"

"ஆபீஸ் கணக்கு இல்லை பூவம்மா, என் கணக்கு. அடுத்த வருஷம் எனக்கு ஐம்பத்தஞ்சு முடியுது. ரிட்டயர் பண்ணிடுவாங்க. அப்புறம் சம்பளம் கிடையாது. மொத்தமா ஒரு தொகை கொடுப்பாங்க. அது சாகிற வரைக்கும் எனக்கும் இவளுக்கும் போதுமான்னு போட்டுப் பார்க்கிறேன்."

ரிட்டயர் என்ற வார்த்தையை அவள் கேட்டிருக்கிறாள், ரயில்வே வீடுகளில் அது அடிக்கடி விழுகிற வார்த்தை. ஆனால் சாகிற வரைக்கும் ஆகிற செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க முடியும் என்பது அவளுக்குப் புதுசு. அவள் கரையில் யாரும் ரிட்டயர் ஆனதில்லை. ஆம்பிளைக்குக் கை தளர்ந்தால் வலை பின்ன உட்காருவான். பொம்பளைக்குக் கழுத்து விட்டுப்போனால் மருமகள் எப்போது தட்டு வைப்பாள் என்று பார்த்துக்கொண்டு உட்காருவாள். அந்த இரண்டாவது தனக்கு வரக்கூடாது என்றுதான் பூவம்மா இத்தனை வருஷம் நடந்தாள்.

"சார், அந்தக் கணக்கு ரயில்வேகாரங்களுக்கு மட்டுந்தானா, இல்ல மீன்காரிக்கும் வருமா?"

கஸ்பார் சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். தாளைத் திருப்பி மேலே அவள் பெயரை எழுதினார்.

"உன் வயசு என்ன?"

"யாருக்குத் தெரியும்? எம்டன் கப்பக்காரன் குண்டு போட்டப்போ எனக்குக் கண்ணாலம் ஆகி ரெண்டு மாசம். வயசுக்கு வந்து மூணு வருசம் ஆயிருந்திச்சி."

எம்டன் வந்தது 1914 என்று அவர் விரல் விட்டு எண்ணி ஐம்பத்து மூன்று என்று போட்டார். எத்தனை வயசு வரைக்கும் இருப்பாய் என்று கேட்டார். அவள் அம்மா எழுபதில் போனாள், பாட்டி எழுபத்திரண்டில். சரி, எழுபத்தைந்து என்று வைப்போம் என்றார் கஸ்பார்.

"எய்வத்தஞ்சு தாண்டியும் நான் சாவலைன்னா?"

"என்னை வந்து கேளு."

"நீ கீறியோ இல்லியோ."

உள்ளேயிருந்து அவர் மனைவி, காலையிலேயே இது என்ன பேச்சு என்று கடிந்துகொண்டாள். இருவரும் காதில் வாங்கவில்லை. அவர் கேட்கக் கேட்க பூவம்மா சொல்லிக்கொண்டே போனாள். அரிசி எட்டு ரூபாய். புளி, மிளகாய், உப்பு, எண்ணெய் நாலு ரூபாய். விறகும் மண்ணெண்ணெயும் இரண்டு. வெற்றிலை பாக்கு ஒன்றரை, அதில் குறைக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். துணிமணி மாசத்துக்கு ஒன்றரை. அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒன்று. கூட்டினால் பதினெட்டு. அப்புறம் என்று கேட்டார் கஸ்பார். அவ்வளவுதான் என்றாள். நன்றாக யோசித்துச் சொல்லு என்றார். யோசித்துத்தான் சொல்றேன், நான் என்ன ராணியா என்றாள்.

அறை வாடகை ஆறு போக மாசம் பன்னிரண்டு. வருஷத்துக்கு நூற்று நாற்பத்து நாலு. ஐம்பத்தைந்தில் கூடையை இறக்கினால் எழுபத்தைந்து வரைக்கும் இருபது வருஷத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. தன்னைத் தூக்கிப் போடுகிற செலவுக்கு நூற்றிருபது தனியாக எழுதச் சொன்னாள், அதற்கும் மகன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று. ஆக மூவாயிரம். தபாலாபீஸ் வட்டி நோய் நொடிக்கு. பாஸ் புத்தகத்தில் அன்றைக்கு இரண்டாயிரத்து நானூறு இருந்தது. வருஷத்துக்கு முன்னூறு சேர்க்கிறாள். இரண்டே வருஷம் என்றார் கஸ்பார்.

பூவம்மா கூடைக்குள் கையை விட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வவ்வால் மீனை எடுத்துப் படியில் வைத்தாள்.

"இது கணக்குப் போட்ட கூலி. வாணாம்னு சொன்னீன்னா அந்தக் காயிதம் எனக்கு வாணாம்."

கஸ்பார் வாங்கிக்கொண்டார். அவர் விவரமான ஆள்.

அந்த இரண்டு வருஷமும் அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. தலையில் கூடை, இடுப்பில் சுருக்குப்பை, வாயில் ரிட்டயர். கரையில் கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். 1953 காணும் பொங்கலோடு கூடை இறங்குகிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கூடவே மீன் எடுக்கும் பட்டம்மாள் அவளைவிடப் பத்து வயசு இளையவள், வாய் கொஞ்சம் நீளம்.

"ரிட்டயரு ஆனா ஒனக்கும் தொரைமாருங்க வந்து மாலை போட்டு கைக்கடியாரம் குடுப்பாங்களா அக்கா?"

"நீ வந்து வெத்தல பாக்கு வாங்கிக்கினு போ. அத்து போதும்."

சொன்னபடியே நடந்தது. காணும் பொங்கலுக்கு முந்தின நாள் பாஸ் புத்தகத்தில் மூவாயிரம் ஏறியது. தபாலாபீஸ் குமாஸ்தாவிடம் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் கரையில் எல்லோருக்கும் வெற்றிலை பாக்கும் பொரியும் கொடுத்தாள். மனசில் அவளுக்கு ஒரு குறையும் இல்லாத அந்த நாளில், தாராளம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பட்டம்மாளின் புருஷன் அப்போது படுத்த படுக்கை. பூவம்மா தன் கூடையை அவள் கையில் கொடுத்து, பெரம்பூர் வாடிக்கை முழுவதையும் வீடு வீடாகப் பெயர் சொல்லி அவளுக்கே ஒப்படைத்துவிட்டாள். பதினேழு வருஷம் நடந்து சேர்த்த வாடிக்கை. பட்டம்மாள் அன்றைக்கு ஒரு கேலியும் செய்யவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பூவம்மா வெயில் ஏறும் வரைக்கும் தூங்கினாள். எழுந்து வெற்றிலை போட்டாள். தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே அவசரமாகப் போகிறீர்கள் என்று கேட்டாள். பகலுக்குச் சோறு வடித்தாள். மிளகாய் அரைத்தாள், புளியைக் கரைத்தாள், சட்டியை அடுப்பில் ஏற்றினாள். குழம்பு தளதளவென்று கொதித்தது. திரும்பிப் பார்க்காமலே இடது கையை அடுப்பங்கரை மூலைக்கு நீட்டினாள்.

மூலையில் ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கலாம். மீன்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் இது எப்படி நடந்தது என்று புரியும். ஏலத்தில் கூறு எடுத்ததும் அவள் செய்யும் முதல் வேலை, அதில் ஒரு நல்ல மீனைப் பொறுக்கி ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது. அது வூட்டு மீனு. மீதியைத்தான் விற்பாள். சாயங்காலம் சுருக்குப்பையில் என்ன மிஞ்சியதோ அதுதான் லாபம். சட்டிக்குப் போனதை அவளும் எண்ணியதில்லை, அவள் அம்மாவும் எண்ணியதில்லை. அரிசிக்குக் காசு, உப்புக்குக் காசு. மீனுக்குக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் பெரம்பூரில் இருப்பவர்கள். கஸ்பார் அப்புறம் என்று கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை. மெய்யாலுமே அப்புறம் ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இனிமேல் ஒவ்வொரு நாளும் அந்த மூலை காலியாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து நீலமேகம் வந்தான். கையில் ஓலையில் கோத்த நாலு கெழங்கான் மீன். அம்மா கூடையை இறக்கிவிட்டாள், குழம்புக்கு என்ன செய்வாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவளுக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

"எட்த்துக்கினு போ நைனா. புள்ளைங்களுக்கு வெச்சிக் குடு."

"அதுங்களுக்குக் கீது. இது ஒனக்கு."

"எனக்கு வாணாம்."

நீலமேகத்துக்கு முகம் மாறிவிட்டது. அந்தச் சட்டியின் கதை அவனுக்குத் தெரியாததா? எட்டு வயசில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் அவன்தானே.

"அப்போ நான் குட்றதும் கை மீனுதானா? எவனோ குட்த்ததும் நான் குட்றதும் ஒண்ணா ஒனக்கு?"

பூவம்மா அடுப்பைத் தணித்தாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"ஒண்ணு இல்லடா. நீ ஆசையாத்தான் குட்ப்ப. ஆனா வலையில ஒண்ணும் இல்லாத நாலு நாளு வருமே, அன்னிக்கும் நீ கொண்டாருவ. ஒம் புள்ளைங்க தட்டுல கீறத எட்த்துக்கினு வருவ. கொண்டாந்து குட்த்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்ட. நீ சொல்லாததையே நான் தெனம் கேட்டுக்கினு உக்காந்திருக்கணும். அது என்னால ஆவாது."

அவன் மீனைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதை மருமகளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு மீன் இல்லாத மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். சப்பென்று இருந்தது, ஆனால் ஒரு வாய் சோறு கூட மிச்சம் வைக்கவில்லை. நீலமேகம் அதற்கப்புறம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் கூடை இல்லாமல் பெரம்பூருக்கு நடந்தாள். தலையில் பாரம் இல்லாமல் நடந்தது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. கஸ்பார் ரிட்டயராகிப் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து போய்த் தன் பழைய தாளைக் கொண்டுவந்து காட்டினார்.

"இதோ பார். அரிசி, பால், விறகு, அதுக்குக் கீழே மீன், மாசம் ஏழு ரூபாய். என் கணக்குல நீ இருக்கே பூவம்மா. அதை எழுதினவன் உன் தாள்ல மீன் இல்லையேன்னு பார்த்திருக்க வேண்டாமா? தப்பு என்னுது."

"ஒன் தப்பு இல்ல சார். மீனுக்குத் துட்டு குடுக்கணும்னு எனக்கே தெரியாத போனா நீ இன்னா பண்ணுவ? இப்போ போடு."

ஒரு ஆளுக்கு ஒரு நாள் குழம்புக்கு எவ்வளவு என்றார். அவள் வாயில் உடனே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் விலை சொன்னவளாயிற்றே. மூணணா என்றாள். குறைத்துக்கொள்ளலாம், வாரத்தில் நாலு நாள் சாப்பிட்டால் போதாதா என்று கஸ்பார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பூவம்மா அவரைப் பார்த்த பார்வையில் பேனாவை எடுத்து மூணணா என்றே எழுதினார்.

மாசத்துக்கு ஐந்து ரூபாய் பத்தணா. வருஷத்துக்கு அறுபத்தேழரை. இருபது வருஷத்துக்கு ஆயிரத்து முன்னூற்று ஐம்பது. அந்தத் தொகையைப் படித்துக் காட்டியபோது அவர் குரலே இறங்கிவிட்டது. வருஷத்துக்கு முன்னூறு சேர்த்தால் நாலரை வருஷம் ஆகுமே என்று அவள் மனக்கணக்காகவே போட்டுச் சொல்லிவிட்டாள்.

"அவ்வளவு ஆகாது," என்றார் கஸ்பார். "நீ ஒரு வருஷம் கூட உழைச்சா முன்னூறு சேருது. அதோட, உட்கார்ந்து சாப்பிட வேண்டிய வருஷத்துல ஒண்ணு குறையுது. அந்த ஒரு வருஷச் செலவு இருநூற்றுப் பதினொண்ணரை உனக்கு மிச்சம். ரெண்டும் சேர்ந்து ஐந்நூறுக்கு மேல. ரெண்டு வருஷம் எட்டு மாசத்துல முடிஞ்சிடும்."

இந்த இடம் பூவம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு நாள் உழைத்தால் இரண்டு பக்கமும் குறைகிறது. இத்தனை வருஷம் உழைத்திருக்கிறாள், உழைப்புக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவளிடம் மீன் இல்லை, அதனால் கூலி பாக்கி என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பெரம்பூர் வாடிக்கையை என்ன செய்வாய் என்று கேட்டார் கஸ்பார். பட்டம்மாளிடம் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்றார். கொடுத்துவிடுவாள்தான். அதனால்தான் கேட்க முடியாது என்றாள் பூவம்மா.

மாசி மாசத்தில் அவள் புதுக் கூடையோடு கரைக்கு வந்தபோது கேலிக்குக் குறைவில்லை. ரிட்டயரு அம்மா வந்துட்டாங்கோ, வழி விடுங்கோ என்றார்கள். வேறொருத்தியாயிருந்தால் உடம்பு சரியில்லை, பொழுது போகவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள்.

"கணக்குல தப்பு. கொயம்பு மீன எய்தாம வுட்டுட்டேன். இப்போ திருத்தறேன்," என்றாள். கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அப்புறம் ஒரு கிழவர், அட ஆமாம் என்றார், தன் வீட்டுச் சட்டியை நினைத்துக்கொண்டு. அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. பட்டம்மாள் மட்டும் ஓடி வந்து, பெரம்பூரை நீயே எடுத்துக்கொள் அக்கா என்று கையைப் பிடித்தாள். குடுத்தது குடுத்ததுதான், வியாபாரத்தைப் பார் என்று சொல்லிவிட்டுப் பூவம்மா வடக்கே நடந்தாள்.

ஐம்பத்தைந்து வயசில் புது வாடிக்கை பிடிப்பது லேசில்லை. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிற குடும்பங்கள் தங்கியிருந்த தெருக்களில் முதல் பத்து நாள் யாரும் அவளைக் கூப்பிடவே இல்லை. அவர்களுக்கு எண்ணூரிலிருந்து மீன்காரிகள் வந்துகொண்டிருந்தார்கள். பூவம்மா விலையைக் குறைக்கவில்லை. அந்தப் பெண்கள் காலையில் சங்கு ஊதுவதற்குள் ஓட வேண்டும், மீனைக் கழுவ நேரம் இருக்காது என்பதைப் பார்த்தாள். மீனை அங்கேயே வாசலில் உட்கார்ந்து ஆய்ந்து, கழுவி, சட்டியில் போடுகிற மாதிரி கொடுத்தாள். ஒரு மாசத்தில் கூடை காலியாகத் திரும்பியது. சும்மா சொல்லக்கூடாது, பெரம்பூரில் கிடைத்ததைவிட ஒரு அணா கூடுதலாகவே கிடைத்தது.

இடையில் ஒரு மழைக்காலத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நாலு நாள் படுத்தாள். நீலமேகம் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

"இன்னும் எத்தினி மாசம்?" என்று மட்டும் கேட்டான்.

"பதினொண்ணு."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து, ஏலத்தில் அவள் எடுத்த கூடையைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட அவன் எங்கிருந்தோ வந்து நிற்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். அதை மட்டும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

1955 ஐப்பசியில் தபாலாபீஸ் குமாஸ்தா பாஸ் புத்தகத்தைப் பார்த்துத் தொகையைப் படித்தார். இந்த முறை ஒரு தரம் கேட்டதே அவளுக்குப் போதும். அன்று சாயங்காலம் கஸ்பார் வீட்டுக்கு ஒரு முழு வஞ்சிரம் போனது, பழைய கூலி பாக்கிக்கு. கரையில் யாருக்கும் அவள் வெற்றிலை பாக்கு கொடுக்கவில்லை. கூடையைக் கழுவி வீட்டுக் கூரைச் சட்டத்தில் மாட்டினாள்.

மறுநாள் காலை மரங்கள் கரையேறும் நேரத்துக்குக் கடற்கரைக்கு வந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. கையில் அலுமினியச் சட்டி. இருபது வருஷத்துக்கு முன்னால் வைத்திருந்த அதே சட்டிதான், இரண்டு பக்கம் நசுங்கியிருந்தது. கதை தெரியாத ஒரு இளவட்டம், சட்டியோடு நிற்கும் கிழவியைப் பார்த்து, வழக்கப்படி ஒரு கை மீனை அள்ளிக்கொண்டு வந்தான். பூவம்மா உள்ளங்கையால் சட்டியை மூடிக்கொண்டாள்.

"நல்லா இரு நைனா. நான் துட்டு குட்த்து வாங்க வந்தவ," என்றாள்.

நீலமேகத்தின் மரம் அப்போதுதான் மணலில் ஏறியிருந்தது. அவன் மீனைக் கூறு கூறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பூவம்மா நேரே அங்கே போனாள். கெழங்கான் இருந்த ஒரு சின்னக் கூறைக் காலால் காட்டினாள், கரையில் வாங்குகிறவர்கள் காட்டுகிற மாதிரி.

"இது இன்னா வெல?"

நீலமேகம் நிமிர்ந்து பார்த்தான். சட்டியைப் பார்த்தான். அவள் இடுப்புச் சுருக்குப்பையைப் பார்த்தான். அவனோடு மரத்தில் வந்தவன், அம்மாவுக்குப் போய் என்னடா விலை என்று ஆரம்பித்தான். நீலமேகம் கையைக் காட்டி அவனை அடக்கினான்.

"நாலணா," என்றான்.

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"நாலணாவா? இந்தக் கெழங்காவுக்கா? கண்ணு உள்ள போயி கெடக்குது. ரெண்டணா."

"செவுளப் புட்ச்சிப் பாத்துட்டுப் பேசு. இப்போ ஏறுன மீனு. ரெண்டணாவுக்கு வேணும்னா நெத்திலி கீது, அள்ளிக்கினு போ."

"மூணணா. குட்த்தா குடு, இல்லன்னா அடுத்த மரம் கீது."

நீலமேகம் யோசிக்கிற மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி, எடு."

பூவம்மா சுருக்குப்பையை அவிழ்த்து மூணு ஓரணாக் காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் எண்ணிப் பார்த்து, மற்ற காசோடு காசாக இடுப்பில் முடிந்துகொண்டான். கூறில் ஐந்து மீன். ஐந்தையும் அவள் சட்டியில் போட்டான், ஆறாவதாக ஒன்றை வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அம்மாவுக்குச் செய்த மரியாதையிலேயே அதுதான் பெரிசு என்று அவளுக்குத் தெரிந்தது.

நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"பகலுக்குப் புள்ளைங்கள இட்டுக்கினு வந்துடு. கொயம்பு வெக்கறேன். எம் மீனு."